சாமியார் பற்று

கோடு போட்ட நோட்டு.
அட்டையில் என் கையெழுத்து: ‘சாமியார் பற்று’.
முதல் நாள் அதைப் படித்துவிட்டு ஃபாதர் இன்னாசி சிரித்தார்.
“எங்க தொழில்ல இதை அறுக்கச் சொல்லுவாங்க, தமீம்.”
“என் தொழில்ல மாசக்கடைசில அடைக்கச் சொல்லுவாங்க” என்றேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான்
அவர் கணக்கு ஏறும்.
என் கடை ஷட்டரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
கூட்ஸ் வண்டி கடந்து முடியும்வரை
சிகரெட் அட்டையில் கிறுக்கியதைப் படிப்பார்:
ஐஸ் உடைக்கிற எத்திராஜ், இருமலுக்கு.
பவர்குப்பம் தேசம்மா, கால் புண்ணுக்குப் பஞ்சு, கட்டுத்துணி, ஸ்பிரிட்.
அப்புறம் ஒரு ஆள், மீன்பிடித் துறைமுகத்தில் வலைக்கு அடியில் கிடக்கிறவன்,
குளுக்கோஸ் இரண்டு.
“பேரு?”
“கண்ணு தொறந்ததும் கேட்டுச் சொல்றேன்.”
மறுநாள் வந்து
“கேக்க முடியல. அந்த வரிய அடிச்சிடாதே” என்றார்.
அடிக்கவில்லை. பதினாலாம் பக்கம், பெயருக்கு நேரே
வெறும் கோடு.

நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.
பேரம் பேசுவார், காசிமேட்டு ஏலத்தில் பேசுவதுபோல.
சத்து மாத்திரையை விற்றுக் குடித்த ஒருவனை
சாராயக் கடை வாசலிலேயே அறைந்தார்.
அன்று ராத்திரி தூங்கவில்லை போல.
விடியலில் என் கடை திறக்குமுன் நின்றுகொண்டிருந்தார்.
அதே மாத்திரை, அதே ஆளுக்கு,
கூட ஒரு பன்னும் பாலும் வாங்க என்னிடமே இருபது ரூபாய் கைமாற்று.
அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

போன வருஷ மழைக்குப் பிறகு
நோட்டில் ஒரு புதுப் பெயர்.
சூசை. வயசு அறுபத்தொன்று. கூலி.
சர்க்கரை. வலது குதிகாலில் புண்.
“முழுக் கோர்ஸ் முடிக்கலேன்னா விஷம்டா”
என்று ஊரையெல்லாம் விரட்டுகிற மனுஷன்
சூசைக்கு மட்டும் அரை அட்டைதான் வாங்குவார்.
“இப்படிச் சாப்பிட்டா புண் எப்படி ஆறும் ஃபாதர்?
ஆளைக் கூட்டிட்டு வாங்க, ஸ்டான்லிக்கு எழுதித் தரச் சொல்றேன்.”
“சொல்லிப் பாக்குறேன். பிடிவாதக்காரன்.”
அந்த மாதம்தான்
ரப்பர் செருப்பை விட்டுவிட்டு
கான்வாஸ் ஷூவுக்கு மாறியிருந்தார்.
வயசாச்சு, என்றார்.
வெயிலில் ஷூ போட்டவரை நான் பார்த்தேன்.
பார்த்தும் என்ன.

ஐஸ் பேக்டரி சுவரில் நேற்று முன்தினம் ஒட்டினார்கள்.
பசை காயாமல் மூலை தொங்கிய போஸ்டர்.
அங்கியில் சிரிக்கிறார், இருபது வருஷத்துக்கு முந்திய படம்.
கீழே சின்ன எழுத்தில்
சூசை – மதலேன் தம்பதியின் மூத்த மகன்.
டீக்கிளாசைக் கீழே வைத்துவிட்டு
அந்த ஒரு வரியை
வாய்விட்டு மூன்று முறை படித்தேன்.
கண்டெய்னர் லாரிக்காரன் ஒருத்தன்
வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அடக்கம் முடிந்து கோயில் பிள்ளை வந்தார்,
கணக்கு முடிக்க.
வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கில்லை;
மொத்த வியாபாரி எனக்காகக் காத்திருக்கமாட்டான்.
பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.
சூசை வரிகளை மட்டும் கூட்டவில்லை.
தள்ளுபடி இல்லை அது.
அந்த ஆள் வந்து கட்டட்டும்.

இன்று கேட் மூடியிருந்தபோது
எத்திராஜ் வந்தான், கை நனைந்து, ஐஸ் வாடையோடு.
இருமினான். சீட்டை நீட்டினான்.
“சாமி கணக்குல…” என்று ஆரம்பித்தவன்
நிறுத்திக்கொண்டான்.
நான் நோட்டை எடுத்தேன்.
இன்னும் இரண்டு பக்கம் பாக்கி.
எழுதியதை அவனுக்குப் படிக்கத் தெரியாது:
எத்திராஜ், இருமல், முழு அட்டை.
பற்று: சூசை, கூலி.